செவ்வாய்க்கிழமையே தெரியும்

நோரீன் கில்பேன் கையில் காகிதக் கட்டோடு வாசலில் வந்து நின்றால் கில்டராவில் யாருக்கும் முகம் மலராது. எங்கோ பாதை அடைபடப்போகிறது, அல்லது யார் வீட்டுக் குழாயோ இரண்டு நாள் வறண்டு கிடக்கப்போகிறது என்று அர்த்தம். இதே ஆட்கள்தான் முன்பெல்லாம் அவளைப் பார்த்ததும் சிரித்தவர்கள். இருபத்திரண்டு வருடம் ஊர் அஞ்சலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாருக்கும் கடிதமும் நலவிசாரிப்பும் கொடுத்தவள் அவள். அஞ்சலகத்தை மூடினார்கள். மூன்று வருடம் வீட்டில் இருந்தாள். பிறகு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்து மேற்குப் பக்கத்துக்குப் புதிய நெடுஞ்சாலை வந்தது. ஊர்க்காரர்களிடம் பேச ஊர்க்காரர் ஒருவர் வேண்டுமென்று சாலை அலுவலகம் தேட, எல்லார் பெயரையும் வாசற்படியையும் அறிந்தவள் அவளாகத்தான் இருந்தாள்.

பதினோரு கிலோமீட்டர் சாலை, முந்நூற்று நாற்பது வீடுகள். இரண்டு வாரத்துக்கொரு முறை அச்சடித்த தாள், அவசரமென்றால் போனில் குறுஞ்செய்தி. உள்ளூர் வானொலியில் காலையில் மரண அறிவிப்புகள் முடிந்ததும் அவளுடைய சாலை அறிவிப்பு வரும். வியாழக்கிழமை மதியங்களில் மாதா கோயில் கூடத்தில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரும் வந்து எதையும் கேட்கலாம்.

முதல் வியாழக்கிழமை கூட்டம் அலைமோதியது. டாம்மி ஹெஸ்லின் என்ற ஆட்டுக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றாமலே மேசை முன்னால் வந்து நின்றார்.

"நோரீன், உன் காகிதத்தைப் படிச்சேன். புரியல. என் ஆடுங்களுக்கும் படிச்சுக் காட்டினேன். அதுங்களுக்கும் புரியலையாம்."

"எந்த இடம் புரியலன்னு அதுங்க சொல்லிச்சு?"

"எப்ப முடியும்ங்கற இடம். நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"நீங்க போற அவசரத்தைப் பொறுத்தது, டாம்மி."

கூடமே சிரித்தது. அதன்பின் கேள்விகள் கொட்டின. கேட் எங்கே வரும், கிணற்றில் வெடிவைத்த தூசி விழுமா, பால் வண்டி எந்த வழியாக வரும் என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். நோரீன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். ஐந்து மணிக்குக் கூடம் காலியானது. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபோதுதான், கடைசி வரிசையில் அட்ராக்டா டர்கன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள்.

"உங்க வீட்டுப் பக்கம் வேலையே இல்லையே, அட்ராக்டா. புது ரோடு உங்களைத் தொடாது."

"தெரியும். நான் ஆலை வளைவைப் பத்திக் கேக்க வந்தேன்."

நோரீன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தாள்.

அட்ராக்டாவின் ஒரே மகன் கிலியன் பதினோரு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கால்பந்து ஆட்டத்துக்குக் காரோட்டிப் போகும் வழியில் ஆலை வளைவில் செத்துப்போனான். பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய வாரம்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போக பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நோரீனின் கண்ணாடிக்கடியில் தள்ளியிருந்தான்.

"அந்த வளைவை எடுத்துடறீங்களா?" என்று அட்ராக்டா கேட்டாள்.

"ஆமா. குன்றை வெட்டி நேரா போகுது. வளைவே இருக்காது."

"நல்லது. என்னிக்கோ எடுத்திருக்கணும்." மடியிலிருந்த கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். "நான் அங்க போனதே இல்ல, நோரீன்."

நோரீனுக்கு அது தெரியும், ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவள் கணவர் யூஜின்தான் ஓடினார். யாராவது போன் செய்வார்கள் என்று அட்ராக்டா வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைக்கு வருவதென்றாலும் பூசைக்கு வருவதென்றாலும் சதுப்பு நிலத்துப் பாதையில் ஒன்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டுதான் வருவாள். அதைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அது இல்லாம போறதுக்கு முன்னால ஒரு தடவை போய் நிக்கணும். பெத்தவ, ஒரு தடவைகூட நிக்கலன்னா எப்படி? ஆனா நாளைக்கே வான்னா என்னால ஆகாது. ஒரு வாரம் வேணும். தினம் கொஞ்சம் கொஞ்சமா மனசைத் தேத்திக்கிட்டு வருவேன். எந்த நாள்னு ஒரு வாரம் முன்னால சொல்லு. இவ்வளவுதான் கேக்கறேன்."

"சொல்றேன்."

"காகிதத்துல வேணாம். போன் மெசேஜும் வேணாம். அதையெல்லாம் நான் பாக்கறதில்ல. நீயே வந்து சொல்லு."

"நானே வந்து சொல்றேன், அட்ராக்டா."

அது அக்டோபர். திட்ட அட்டவணைப்படி ஆலை வளைவுக்கு அடுத்த செப்டம்பரில்தான் முறை. நோரீன் அப்போது மனசு கனத்தாலும் கவலைப்படவில்லை. ஒரு வருடம் கிடக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் மழை விடவேயில்லை. பிப்ரவரியில் ஆறு கரை மீறி, கீழ்ப்பகுதி வேலை முழுக்கத் தண்ணீரில் நின்றது. மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலையிடத்துப் பொறியாளர் ஃபின்டன் அவளைத் தன் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயது மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"வியாழக்கிழமை காலைல ஆலை வளைவுல இறங்கறோம்."

"செப்டம்பர்னுதானே இருக்கு?"

"இருந்துச்சு. இப்ப கீழ மெஷினுங்க சும்மா நிக்குது. ஞாயித்துக்கிழமை மார்ச் ஒண்ணு. அன்னிலேர்ந்து குருவிங்க கூடு கட்டற காலம், ஒரு வேலிச்செடியத் தொட முடியாது, சட்டம் அப்படி. இந்த வாரம் அந்த வேலியையும் மேட்டையும் எடுத்துட்டா கோடை முழுக்கக் குன்றை வெட்டலாம். விட்டா ஆகஸ்ட் முடியற வரைக்கும் பாத்துக்கிட்டுதான் இருக்கணும்."

"ஒரு வாரம் முன்னால சொல்றேன்னு ஒருத்தங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

யாருக்கு, எதற்கு என்று சொன்னாள். ஃபின்டன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"போன வருஷம் மட்டும் அங்க மூணு விபத்து, நோரீன். இன்னொரு வருஷம் அதை அப்படியே விட்டா, இன்னொரு அம்மா வந்து உங்க முன்னால உக்காருவாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

அவள் பையிலிருந்து கார் சாவியைத் தேடி எடுத்தாள்.

"ஒரு வாரம் தர முடியாது. ரெண்டு நாள் இருக்கு. இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க."

அவள் உடனே கிளம்பினாள். டர்கன் வீட்டுக்குத் திரும்பும் முக்குவரை நேராகப் போனாள். அங்கிருந்து பார்த்தால் வீடு தெரியும். புகைபோக்கியில் புகை வந்தது, முற்றத்தில் கார் நின்றது. ஆள் இருக்கிறார்கள். நோரீன் காரை ஓரமாக நிறுத்தினாள்.

ஒரு வாரம் கேட்டவளிடம் நாளை மறுநாள் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறக்கும்போதே வாக்கு உடைந்துவிடும். டவுனில் தலைமை அலுவலகத்தில் பேசிப் பார்த்தால் என்ன? அந்த ஒரு மேட்டை மட்டும் சனிக்கிழமைவரை விட்டுவைக்கச் சொல்லலாம். நாலு நாளாவது கையில் வைத்துக்கொண்டு வந்து சொன்னால் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேச முடியும். இப்படியெல்லாம் பத்து நிமிடம் யோசித்தாள். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

மதியம் முழுக்க டவுனுக்குப் போன் செய்தாள். நாளைக்குச் சொல்கிறோம் என்றார்கள். அந்தப் போன்களெல்லாம் சாக்கு என்பதும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தனக்குப் பயம் என்பதும் அப்போதே அவளுக்கு அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. முடியாது. பதினொன்றரைக்கு அவள் டர்கன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பூட்டியிருந்தது. நாய் குரைத்தது. கைபேசியை எடுத்து அட்ராக்டாவின் எண்ணை அழுத்தினாள். சமையலறை ஜன்னலுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓரிடத்தில், அது அடித்து அடித்து ஓய்ந்தது.

பக்கத்து வயலிலிருந்து டாம்மி ஹெஸ்லின் கை காட்டினார்.

"கால்வே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. யூஜினுக்குக் கண்ணுல புரை எடுக்கறாங்க. ராத்திரி அவர் தங்கச்சி வீட்டுல தங்கிட்டு நாளைக்கு மத்தியானம்தான் வருவாங்க. ஏன், என்ன கொண்டுவந்திருக்கே? கெட்ட சேதின்னா எங்கிட்ட குடு, எனக்குப் பழக்கம்."

"தங்கச்சியோட போன் நம்பர் இருக்கா?"

"எனக்கு எதுக்கு அந்தம்மா நம்பர்?"

இரண்டு மணிக்கு முந்நூற்று நாற்பது வீடுகளுக்கும் குறுஞ்செய்தி போனது. ஆலை வளைவு, வேலி அகற்றும் பணி, நாளை காலை எட்டு முதல். நோரீன்தான் அனுப்பினாள். அனுப்பியே ஆக வேண்டும். அந்தப் பக்கம் பள்ளிப் பேருந்து போகிறது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே அவள் வளைவில் நின்றாள். மத்தியானம்வரை தாக்குப்பிடிக்க முடியுமா என்று ஃபின்டனிடம் கேட்டாள். அவரும் மறுக்கவில்லை. வளைவின் மறுகோடியிலிருந்து தொடங்கச் சொல்லி, இயந்திரங்களை மெதுவாக நகர்த்தினார். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது.

"இதுக்கு மேல இழுத்தா லாரிங்க திரும்பிப் போயிடும், நோரீன்."

அவள் தலையாட்டினாள். ஒரு படமாவது எடுத்து வைக்கலாமா என்று கைபேசியை எடுத்தாள். அது ஏனோ திருட்டுத்தனமாகப் பட்டது. திரும்பப் பையில் போட்டாள். இயந்திரத்தின் மஞ்சள் கரம் மேலே எழுந்து இறங்கியது. வேலிச்செடி வேரோடு வந்தது, மேடு சரிந்தது. இரண்டரை மணிக்கு அங்கே ஈரமான செம்மண் மட்டும் இருந்தது.

டர்கன் தம்பதி வந்தபோது மூன்று மணி. சதுப்புப் பாதை வழியாக வந்ததால் எதையும் பார்த்திருக்கவில்லை. யூஜின் ஒரு கண்ணில் மூடியோடு மெல்ல இறங்கினார். முற்றத்தில் நோரீனைக் கண்டதும் அட்ராக்டாவின் முகம் வெளுத்தது. பிறகு தன்னைத் திடப்படுத்திக்கொண்டு நிமிர்ந்தாள். கேட்கத் தயாராகிவிட்டாள்.

"என்னிக்கு?"

நோரீன் ஓரடி முன்னால் வந்தாள்.

"இன்னிக்கு, அட்ராக்டா. முடிஞ்சுபோச்சு."

நாய் வந்து அட்ராக்டாவின் காலை முகர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"எப்ப முடிவு பண்ணாங்க?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். குறுஞ்செய்தி நேற்றுதான் போனது. யாரும் அதைப் பொய் என்று நிரூபித்திருக்க மாட்டார்கள்.

"செவ்வாய்க்கிழமை காலைல. எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"செவ்வாய்க்கிழமை பூரா வீட்டுலதான இருந்தேன். ரொட்டி சுட்டேன். ஜன்னல் துடைச்சேன்."

"தெரியும். முக்கு வரைக்கும் வந்தேன்."

அட்ராக்டா அவளை உற்றுப் பார்த்தாள். "அந்தக் கார் நீதானா? ஜன்னல்லேர்ந்து பாத்தேன். யாரோ வழி தெரியாம நிக்கறாங்க பாவம், போய்ச் சொல்லலாமான்னு நினைச்சேன். அதுக்குள்ள திரும்பிப் போயிடுச்சு."

"என்னை மன்னிச்சிடுங்க. நான்…"

"ரெண்டு நாள்ல என்னால போயிருக்க முடியுமோ என்னமோ. வளைவு வரைக்கும் வந்து திரும்பியிருப்பேனோ என்னமோ. அது என் பாடு. நீ எதுக்கு அதை எடுத்துக்கிட்டே?"

குரல் உயரவேயில்லை. அட்ராக்டா சாவியை எடுத்தாள். பூட்டில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை கதவைத் திறந்து உள்ளே போனாள்.

யூஜின் ஒற்றைக் கண்ணால் நோரீனைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போம்மா," என்றார்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஒற்றை வரி. என் பெயரை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும், அ. டர்கன். நோரீன் நீக்கினாள். வேலையை விட்டுவிடுவதென்றும் ஒரு கடிதம் எழுதினாள். ஃபின்டன் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"நீங்க போயிட்டா நாளைக்கு டவுன்லேர்ந்து யாரோ ஒருத்தர் வருவார். அவருக்கு இங்க ஒரு வாசக்கதவும் தெரியாது. யாருக்கு என்ன லாபம்?"

அவள் இருந்தாள். அதன்பின் ஒரு சேதி காதில் விழுந்தால் கையிலிருக்கும் தேநீரைக் குடித்து முடிக்கக்கூட உட்காருவதில்லை. வெடி வைத்ததில் ஒரு வீட்டுக் கிணறு கலங்கியபோது, அந்த வீட்டுக்காரி வாளியைப் பார்ப்பதற்கு முன்பே நோரீன் வாசலில் நின்றாள். 'பாழாப்போன பொம்பள, சேதிக்கு முன்னால வர்றா' என்று ஊரில் கேலி பேசினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். டர்கன் வீட்டு முக்கைத் தாண்டும்போது மட்டும் பார்வை தானாக நேரே ரோட்டில் நிலைக்கும்.

அடுத்த வருடம் அக்டோபரில் சாலை திறந்தது. ரிப்பன் வெட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் குழல் வாசித்தார்கள். நவம்பரில் நோரீன் அலுவலகத்துப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அட்ராக்டா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளியே காரில் யூஜின் இருந்தார்.

"மூடறீங்களாமே."

"வெள்ளிக்கிழமையோட."

"உங்கிட்ட பழைய ரோட்டோட வரைபடம் இருக்கும் இல்ல?"

"இருக்கு."

"எந்த இடம்னு காட்டு. அப்புறம் காட்ட ஆள் இருக்காது."

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நோரீன் தன் காரில் முன்னால் போனாள். வெட்டிய குன்றின் மேலே, வயலோரமாகக் கம்பிவேலி ஓடியது. மூவரும் அதையொட்டி நடந்து போனார்கள். கீழே, நல்ல ஆழத்தில், புதிய சாலை நேராகக் கிடந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன. நோரீன் வேலிக்கம்பத்தில் தாளை விரித்துப் பிடித்து, இரண்டு முறை சரிபார்த்தாள்.

"பழைய ரோட்டோட ஓரம் இந்த வேலியிலேர்ந்து இருபது மீட்டர். அதோ அந்த விளக்குக் கம்பத்துக்கு நேரா."

"அங்கயா? ரோட்டு மேலயா?"

"ரோடு எட்டு மீட்டர் கீழ போயிடுச்சு. பழைய தரை நாம நிக்கற மட்டத்துல இருந்துச்சு."

"அப்ப எங்க?"

நோரீன் கையை நீட்டினாள். விரல் நுனிக்கு அப்பால் ஒன்றுமில்லை.

"காத்துல, அட்ராக்டா. அந்த இடம் இப்ப காத்துல இருக்கு."

அட்ராக்டா அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். கண்ணை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் பார்வை கீழே சரிந்தது, மறுபடி மேலே வந்தது.

"கம்பத்துக்கு நேரா இல்ல," என்றார் யூஜின். "இன்னும் இந்தப் பக்கம். நாலு தப்படி. பெரிய முள்செடிக்கு இப்பால."

நோரீன் தாளைப் பார்த்தாள். தாளில் முள்செடி இல்லை. அட்ராக்டா கணவன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"அன்னிக்கு ஒரு நாள் பாத்தது, தப்படிக் கணக்கா ஞாபகம் இருக்கா உனக்கு?"

யூஜின் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். தீவனக் கடைக்குப் போற அன்னிக்கு."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமா. கடைசியில கண்ணு மங்கினப்பதான் ரெண்டு மாசம் வரல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா, நீயும் வரணும்னு நினைப்பே. வர முடியாம தவிப்பே. எதுக்குன்னு…"

"எனக்காக," என்றாள் அட்ராக்டா. அவரையும் நோரீனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாரும் எனக்காகவே யோசிச்சிருக்கீங்க."

அவள் அழுதுவிடுவாள் என்று நோரீன் நினைத்தாள். அவள் அழவில்லை. கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேலிக்கம்பியைப் பிடித்து நின்றாள். காற்று குளிர்ந்து வீசியது.

"அங்க என்ன இருந்துச்சு? சொல்லு, யூஜின்."

"பெருசா ஒண்ணும் இல்ல, அட்ராக்டா. ஒரு மேடு. புல்லு…"

"அப்படிச் சொல்லாதே, மனுஷா. நீ பதினோரு வருஷம் பாத்திருக்கே. நான் ஒரு நாளும் பாக்கல. முழுசா சொல்லு."

நோரீன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு விலகி நடந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வயல் வாசலருகே வந்துதான் திரும்பிப் பார்த்தாள். யூஜின் தொப்பி பிடித்த கையால் வெறும் காற்றில் ஏதோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். இங்கே சரிவு, இங்கே தண்ணீர் ஓடும், ஏப்ரலில் இந்த ஓரமெல்லாம் மஞ்சள் பூ, உட்கார இதோ இப்படி ஒரு கல். ஒவ்வொரு லாரி போகும்போதும் அவர் குரல் அமுங்கியது. அது போய் முடியும்வரை நிறுத்திவிட்டு, அட்ராக்டா தலையசைத்ததும், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.